நீல வளையம்

கண்ணாடிக் குழல் முழுக்க ரெசின் என்கிற பொடி மணிகள். அவற்றின் உச்சியில் விரலகலத்துக்கு ஒரு நீல வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு உயிரே அதுதான். செடிச்சாற்றிலிருந்து வந்த அந்த நீலப் புரதத்தை நாளைக் காலை சுத்தமாகப் பிரித்துக் காட்டாவிட்டால் ஆய்வகத்தில் அவளுடைய இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று பேராசிரியர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். உப்புக் கரைசலின் அடர்த்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். அப்போதுதான் ரெசினில் ஒட்டியதெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடியை விட்டு, முதலில் மஞ்சள் கசடு, அப்புறம் நீலம் என்று தனித்தனியாக இறங்கும். அவசரப்பட்டால் எல்லாம் ஒரே கும்பலாக வந்து விழும். மஞ்சளில் இருக்கிற பாழாய்ப்போன நொதிகள் விடிவதற்குள் நீலத்தைத் தின்று தீர்த்துவிடும்.

அவசரப்படுகிற ஆளா அவள்? கல்யாணமான புதிதில் கணவனின் முனைவர் பட்டத்துக்காக இதே குழலின் முன் கால் கடுக்க நின்றவள். மகராசன் பட்டத்தையும் வாங்கினான், வெளியூரில் வேலையையும் வாங்கினான். "நீ எப்ப மூட்டை கட்டப் போற?" என்பதுதான் கொஞ்ச நாளாக அவன் வாயில் வருகிற ஒரே பேச்சு.

மத்தியானம் அவனே வந்து நின்றான்.

"பாப்பாவைக் கூட்டிட்டு வந்தேன். கீழ வரவேற்பறைப் பொண்ணுகிட்ட விட்டிருக்கேன், அழுது ஊரைக் கூட்டறா. போய்ப் பால் குடுத்துட்டு வா, இதை நான் பாத்துக்கறேன்."

"மெதுவா ஏத்தணும், தெரியுமில்ல?"

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சிரித்தான்.

இந்த ஒரு விஷயத்திலாவது அவனை நம்பலாம் என்று நினைத்துப் போனாள், பாவி மகள்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி வந்தபோது குழலில் நீலத்தைக் காணோம். கடைசியில் ஊற்ற வேண்டிய அடர்த்தியான உப்புக் கரைசலின் புட்டி காலியாக நின்றது. அடியில் ஒரே பீக்கரில் எல்லாம் கலந்து குளத்துத் தண்ணீர்போலப் பச்சையாகக் கிடந்தது.

"என்ன பண்ணீங்க?"

"வேலையைச் சுருக்கிட்டேன். எல்லாம் வந்திருச்சு பாரு."

"தெரிஞ்சேதானே பண்ணீங்க?"

அவன் மறைக்கவுமில்லை. "வீட்டுக்கு ஒரு டாக்டர் போதும்மா."

பீக்கரை எடுத்து அவன் மூஞ்சியில் வீசலாம் போலிருந்தது அவளுக்கு. அதற்குள் பேராசிரியர் உள்ளே வந்தார். அவள் வாயைத் திறக்குமுன் அவன் முந்திக்கொண்டான்.

"அவசரத்துல மாத்தி ஊத்திட்டா சார். பாப்பா அழுதா இவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது."

"பொய் சார்! இவர்தான் ஊத்தினார்."

பேராசிரியர் பீக்கரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "இதே குழல்ல வேலை செஞ்சு பட்டம் வாங்கினவர்மா இவர். இந்தத் தப்பை இவர் பண்ணுவாரா?"

அந்தப் பட்டத்துக்கான வேலையைச் செய்தது தான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அதையும் யார் நம்புவார்கள்?

"விடுங்க சார், ஏதோ கோவத்துல பேசறா," என்றான் பெருந்தன்மையாக. பேராசிரியர் தலையாட்டினார். "லேப் சாவியை ஆபீஸ்ல குடுத்துட்டுப் போங்கம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவன் குழந்தையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான். மற்றொரு கையால் பீக்கரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"பாரு செல்லம், அம்மா பண்ணினது. எவ்வளவு அழகா இருக்கு!"

குழந்தை அந்தப் பச்சையைப் பார்த்து, இரண்டு கைகளையும் தட்டிச் சிரித்தது.