பொட்டு வெச்ச பேரிங்

அம்மா, சைனாவுல காய்ச்சல் வந்தா துவாக்குடியில எதுக்குடி உன் வேலை போவுதுன்னு கேட்டில்ல. அப்போ பஸ்ல நின்னுக்கிட்டு இருந்தேன், சொல்ல முடியல. இப்ப சொல்றேன், அண்ணனைப் படிச்சுக் காட்டச் சொல்லு. முழுசா கேட்டுட்டு அப்புறம் அழு.

எங்க கம்பெனியில பாய்லருக்குப் பெரிய பெரிய பைப்பை வளைச்சுக் குடுப்போம். வளைக்கிற மிஷின் ஒண்ணே ஒண்ணுதான். அதுக்குள்ள ரெண்டு பேரிங் சுத்தணும், ஒவ்வொண்ணும் நம்ம தோசைக்கல்லு அகலம். சைனாவுலேருந்துதான் வரும். நான் ஸ்டோர்ஸ்ல சேர்ந்தப்போ மாத்து பேரிங் நாலு, டப்பா பிரிக்காம ஷெல்ஃப்ல இருந்துச்சு.

முதலாளி ரெங்கராஜ் சார் ஸ்ரீரங்கத்துக்காரர். நல்ல மனுஷன்தான், மாப்பிள்ளை பேச்சைக் கேட்காத நாள்ல. மாப்பிள்ளை பேரு ஸ்ரீதர். தில்லை நகர்ல ஏசி ரூம் போட்டு, கம்பெனி எப்படி நடத்துறதுன்னு கம்பெனி நடத்துறவங்களுக்கு வகுப்பு எடுக்கிறாரு. அவரு நடத்துன கம்பெனி எதுன்னு ஆறு மாசமா நானும் விசாரிக்கிறேன், ஒருத்தருக்கும் தெரியல.

ஆயுத பூஜைக்கு முன்னாடி கழிச்சுக் கட்டுறது இருக்குல்ல, ஒரு வருஷமா அசையாத சாமானைப் பழைய இரும்புக்குப் போடுவாங்க. அன்னைக்கு அவரு ஸ்டோர்ஸுக்குள்ள வந்தாரு. "ஷெல்ஃப்ல சாமான் தூங்குனா கம்பெனி தூங்குதுன்னு அர்த்தம். வேணும்கிறப்ப ஆர்டர் போடுங்க, மூணு வாரத்துல கப்பல்ல வந்துரும்"னாரு.

"சார், இந்த நாலை மட்டும் விட்டுருங்க. இது இல்லன்னா மிஷின் நின்னுரும்"னு சொன்னேன்.

"நீங்க சேர்ந்து எத்தனை நாள் ஆவுது?"

"மூணு வாரம் சார்."

"கப்பலும் அவ்வளவுதான்"னு சொல்லிட்டு அவரே சிரிச்சாரு. மத்தவங்களும் சிரிச்சாங்க, சம்பளம் வாங்குறவங்க வேற என்ன பண்ணுவாங்க.

கேட்டைத் தாண்டி எது போனாலும் கேட் பாஸ் எழுதணும். 'உபயோகமில்லாத பழைய இரும்பு'ன்னு எழுதி அவரே கையெழுத்துப் போட்டாரு. போன வருஷப் பூஜையில வெச்ச சந்தனமும் குங்குமமும் டப்பா மேல காய்ஞ்சு கிடந்துச்சு. அப்படியே வண்டியில ஏறிடுச்சு. சாமானே இல்லாதப்ப ஷெல்ஃப் எதுக்குன்னு அதையும் கழட்டி ஏத்திட்டாங்க.

ஜனவரி கடைசியில மிஷின்ல இருந்த பேரிங் ரெண்டும் போச்சு. ஆர்டர் போட்டோம். சைனாவுல புது வருஷ லீவாம். லீவுக்கு ஊருக்குப் போன ஆளுங்க காய்ச்சல்னால திரும்ப முடியலயாம், ஃபேக்டரிக்குப் பூட்டு. சரின்னு ஜெர்மனிக்காரனைக் கேட்டா, அவன் பேரிங்குக்குள்ள போடுற உருளையே சைனாவுலேருந்துதான் வரணுமாம். புனேக்காரன் போனையே எடுக்கல. உலகம் பூரா இதே வகுப்புக்குத்தான் போயிருக்கும் போல, ஒருத்தன் ஷெல்ஃப்லயும் ஒண்ணும் இல்ல.

ஞாயித்துக்கிழமை சார் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வரச் சொன்னாரு. திருவானைக்காவல் ஹாஸ்டல்லேருந்து நடந்தே போயிட்டேன்.

"ஏம்மா அறிவுமதி, ஸ்டோர்ஸ் யாரு பாக்குறது?"

"நான்தான் சார்."

"ஒரு பேரிங் கூட இல்லன்னா ஸ்டோர்ஸ்னு போர்டு எதுக்கு?"

பக்கத்துல உக்காந்து காபி குடிச்சிட்டிருந்த மாப்பிள்ளை, "முன்யோசனை கிடையாது மாமா இவங்களுக்கு"ன்னாரு. முகத்துல ஒரு சலனம் இல்லம்மா.

"பதினஞ்சாம் தேதியோட உன் புரொபேஷன் ஆறு மாசம் முடியுது. அதுக்குள்ள பைப் வளையலைன்னா நீ ஊருக்குக் கிளம்பிடு"ன்னாரு சார். பதினாலு நாள்தான் இருந்துச்சு.

மறுநாள் அரியமங்கலம் போனேன், அன்னைக்கு எங்க சாமானை எடைக்கு வாங்குன பழைய இரும்புக் கடை மும்தாஜ் அக்காகிட்ட. எப்பவோ உருக்கியிருப்பாங்கன்னு தெரியும், சும்மா இருக்க முடியல, அதான் போனேன்.

"பொட்டு வெச்ச டப்பாவா? பின்னாடி கிடக்கும், பாரு"ன்னாங்க.

"உருக்கலையாக்கா?"

"பொட்டு வெச்ச சாமான்ல நான் கை வெக்கிறதில்லம்மா. முன்னாடி ஒரு தராசை நசுக்கப் போயி, சாமி கும்பிட்டதை எப்படி நசுக்கலாம்னு ஒருத்தன் வாசல்ல நின்னு கத்துனான். வித்ததும் அவன்தான். பொட்டு அழியட்டும்னு அதையெல்லாம் ஓரமா போட்டுருவேன்."

நாலும் இருந்துச்சும்மா. கிரீஸ் பேப்பர் கூட கிழியல. அங்கேயே உக்காந்துட்டேன்.

"எடுத்துட்டுப் போலாமாக்கா?"

"எடைக்கு என்ன குடுத்தேனோ அதைக் குடுத்தா போதும். ஆனா பழைய இரும்புன்னு கையெழுத்துப் போட்ட மகராசன் வரணும். நல்ல சாமான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போகட்டும். நாளைக்குத் திருட்டுச் சாமான் வெச்சிருந்தேன்னு என்னையச் சொல்லுவீங்க"ன்னு சொல்லி, டப்பியிலேருந்து அந்த கேட் பாஸை எடுத்துக் காட்டுனாங்க. நான் போட்டோ எடுத்துக்கிட்டேன்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டுச் சொன்னேன், மூணு நாள் கழிச்சுத்தான் கடைக்கு வந்தாரு. புத்தூர்ல மெடிக்கல் மெடிக்கலா அலைஞ்சு வாங்குன மாஸ்க், வெள்ளை ஷூ. துரு மேல கால் படாம நடக்கப் பாத்தாரு, அந்தக் கடையில அது நடக்குமா?

"இதெல்லாம் வெயில்ல கிடந்த சாமானாச்சே"ன்னு இழுத்தாரு.

"அப்ப வேணாம் தம்பி. சைனாவுக்கே போன் போடுங்க"ன்னாங்க அக்கா. கையெழுத்துப் போட்டுட்டாரு.

ராத்திரியோட மாட்டுனாங்க. பதினாலாம் தேதி கடைசி பைப் வளைஞ்சுச்சு.

நேத்து ஆபீஸ்ல சார் முன்னாடி பர்மனென்ட் லெட்டர் இருந்துச்சு, பக்கத்துல இன்னொரு பேப்பர். 'ஸ்ரீதர் அவர்களின் திட்டப்படி நாலு பேரிங்கும் வெளிக்கிடங்கில் பாதுகாக்கப்பட்டன'ன்னு அடிச்சிருந்துச்சு. மும்தாஜ் அக்கா கடைதான் வெளிக்கிடங்கு. இதை மாப்பிள்ளை தில்லை நகர் வகுப்புல காட்டுவாராம்.

"ரெண்டுலயும் கையெழுத்துப் போடும்மா"ன்னாரு சார்.

போன்ல கேட் பாஸ் போட்டோவை எடுத்து அந்தப் பேப்பர் மேல வெச்சேன். "அப்ப இதையும் கூட இணைச்சுரலாமா சார்?"னு கேட்டேன்.

சார் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சாரு. பக்கத்துல நின்ன மாப்பிள்ளை ஜன்னல் வழியா லாரி பாத்தாரு. அங்க லாரியே இல்ல. சார் அந்தப் பேப்பரை நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டு, லெட்டரை மட்டும் என் பக்கம் தள்ளுனாரு.

வேலை இருக்கும்மா. ஆனா வளைச்ச பைப்பெல்லாம் கேட் ஓரமாவே கிடக்கு, இப்ப அனுப்பாதீங்கன்னு வாங்குறவன் சொல்லிட்டான், அவன் ஊர்லயும் காய்ச்சலாம். மாப்பிள்ளை பயந்து போயி, கிடைக்கிறவன்கிட்டயெல்லாம் நாப்பது பேரிங்குக்கு ஆர்டர் போட்டிருக்காரு, ரெண்டு பேரிங் ஓடுற மிஷினுக்கு. வந்தா வெக்க இடம் வேணும்ல. அதனால பர்மனென்ட் ஆன பிறகு எனக்கு முதல் வேலை, நாளைக்குக் காலையில மும்தாஜ் அக்கா கடைக்குப் போயி, அன்னைக்குக் கழட்டி அனுப்புன ஷெல்ஃப் இருக்கான்னு பாக்கணும். அதுல பொட்டு இருந்துச்சான்னுதான் ஞாபகம் வரல.