காக்காவுக்குப் பாதிக் காற்று

"பார்ட்ஸ் வாங்கி உனக்குன்னு ஒரு சைக்கிள் பூட்டித் தரட்டுமா?"

"எனக்கெதுக்குங்க தனியா? நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி உட்கார்ந்துக்கறேன்."

கல்யாணமான புதிதில் நடந்த பேச்சு இது. சைக்கிள் மெக்கானிக் புருஷனிடம் போய் எனக்கு ஓட்டத் தெரியாது என்று எப்படிச் சொல்வது என முழித்தபோது அவள் வாயில் வந்து விழுந்த பதில் அது. அவனோ அதை அப்படியே காதல் என்று எடுத்துக்கொண்டான். மறுநாளே கேரியரில் பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை ஏறிவிட்டது.

அன்று ஏறி உட்கார்ந்தவள்தான், வருஷங்கள் ஓடிவிட்டன. தினமும் காலையில் அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடை வரை அவன்தான் கொண்டுபோய் விடுகிறான். அவனுடைய ஒவ்வொரு சட்டையின் முதுகிலும் எந்த இடத்தில் தையல் கோணியிருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். வழியில் என்ன இருக்கிறது என்றுதான் தெரியாது. ஊருக்கெல்லாம் பார்வை சரியாகத் தெரியும்படி கண்ணாடி மாட்டிவிடுகிறவளுக்கு முதுகு மட்டுமே காட்சி! ஒருநாளாவது ஹேண்டிலைத் தானே பிடித்து, எதிர்க்காற்றைத் தன் முகத்தில் வாங்க வேண்டும் என்று ஆசை. கேட்டால் மெத்தை தைத்தவன் மனசு சுருங்கிவிடுமோ என்று பயம். அதைவிட, இந்த வயதில் போய் என்று சிரித்துவிட்டால்?

இப்படி இருக்கையில்தான் அவன் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து சாயங்காலங்களில் லைவ் வீடியோ போட ஆரம்பித்தான். செயினைக் கழற்றிக்கொண்டே பேசுவான். நாலு பேர் பார்த்தார்கள், நாற்பது பேர் ஆனார்கள். கூடவே 'எல்லாம் தெரிஞ்சவன்' என்ற பெயரில் ஒருவர் வந்து சேர்ந்தார். "இப்படியா ஸ்பானர் பிடிப்பாங்க?" என்று அவர் எழுதினால் போதும், இவன் வேலையைப் போட்டுவிட்டு மல்லுக்கு நிற்பான்.

அவள் தம்பி கம்ப்யூட்டர் படித்தவன். பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் மாமாவுக்காக ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன் எழுதிக் கொடுத்தான். சாட்டில் கமெண்ட் போடுகிற ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குட்டிச் சக்கரம் தெரியும். ஆளுக்குத் தகுந்தபடி முழுக் காற்று, பாதிக் காற்று, காற்றே இல்லை என்று மார்க் போடலாம். பக்கத்தில் இரண்டு வரி குறிப்பும் எழுதி வைக்கலாம். வேறு யார் கண்ணுக்கும் தெரியாது.

"வாய்ச்சண்டைக்குப் பதிலா காத்தைப் புடுங்கி விட்டுட்டு வேலையப் பாருங்க மாமா!"

அன்றைக்கே எல்லாம் தெரிஞ்சவருக்குக் காற்று போனது. கடையில் அமைதி வந்தது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரின் இந்தப் பக்கம் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, 'சாயங்காலக் காக்கா' என்ற பெயரில் கமெண்ட் போடுவது யார் என்று அவனுக்குத் தெரியாது. அடையாளம் தெரியக்கூடாதே என்று கட்டின புருஷனை அவள் 'அண்ணே' என்று வேறு எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

"அண்ணே, குட்டையான ஆளுக்கு சீட் எவ்வளவு உயரம் வைக்கணும்?"

"அண்ணே, வயசானப்புறம் பேலன்ஸ் வருமா?"

"வருமே! யாருக்குக் கேக்கறீங்க காக்கா?" என்று அவன் கேமராவைப் பார்த்துக் கேட்டால், "பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு" என்று எழுதிவிட்டுப் பறந்துவிடுவாள்.

"அந்தக் காக்கா இருக்கு பாரு, என்னா அறிவுங்கறே!" என்றான் ஒருநாள் சாப்பிடும்போது.

"ஓஹோ. வீட்டுல இருக்கறவங்களுக்கு இல்லாத அறிவா?" என்றாள். தன்மேலேயே பொறாமைப்பட்ட முதல் பெண் தானாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. காக்காவுக்கு எவ்வளவு காற்று போட்டிருப்பான் என்று தெரியாமல் தலை வெடித்தது. தம்பிக்குப் போன் போட்டாள்.

"பிரைவேட்டுன்னா பிரைவேட்டுக்கா. அவர் போடற மார்க்கு அவர் கம்ப்யூட்டர விட்டு வெளிய வராது. எனக்கே தெரியாது."

"நீ எனக்குத் தம்பியா, அவருக்குத் தம்பியாடா?"

"இந்த விஷயத்துல யாருக்கும் தம்பி இல்லக்கா. போனை வைக்கறேன்."

மறுநாள் அவன் ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்கப் போன சமயம், கடையில் கம்ப்யூட்டர் திறந்தே கிடந்தது. பார்க்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே பார்த்தாள். தினமும் வந்து வணக்கம் மட்டும் போட்டுவிட்டுப் போகிற ஆளுக்கு முழுக் காற்று. காக்காவுக்கு? பாதி!

இத்தனை அறிவுக்குப் பாதிதானா என்று பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம்தான் குறிப்பைப் படித்தாள்.

'நல்ல ஆள். ஆனா எங்கயோ சின்னக் கசிவு. கேக்க வந்ததைக் கேக்காமலே போகுது. தண்ணியில முக்கிப் பாக்கணும்.'

குறிப்பை இன்னொரு தடவை படித்தாள்.

அன்று சாயங்காலம் லைவில் அவன் தொட்டித் தண்ணீரில் டியூபை முக்கிப் பஞ்சர் தேடிக்கொண்டிருந்தான். கோபமும் அழுகையும் கலந்த ஒரு வேகத்தில் அவள் எழுதினாள்: "அண்ணே, எல்லாருக்கும் ஒரே மாதிரி காத்து அடிப்பீங்களா, ஆள் பார்த்து அடிப்பீங்களா?" எழுதுவதற்காகப் போனை வெடுக்கென்று இழுத்ததில் இயர்போன் ஒயர் போனிலிருந்து கழன்றுவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

"ஆள் பார்த்துத்தான் காக்கா," என்று அவன் சிரித்தான்.

லைவ் போய்ச் சேரும் சில நொடி தாமதத்துக்குப் பிறகு, சுவருக்குப் பின்னாலிருந்து அவன் குரலே கேட்டது: "ஆள் பார்த்துத்தான் காக்கா."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. சுவரைப் பார்த்தான். மெதுவாக, "காக்கா?" என்றான். சுவரும் கொஞ்சம் பொறுத்து, "காக்கா?" என்றது. குட்டையான ஆள், சீட் உயரம், பேலன்ஸ், பக்கத்து வீடு எல்லாம் அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. 'அண்ணே' நினைவுக்கு வந்தபோது மட்டும் ஒரு புருவம் தனியாக ஏறி இறங்கியது.

"காக்கா, இன்னிக்காவது என்ன வேணும்னு கேட்டுடுங்க," என்றான், தொண்டையைச் செருமி. "அதுவரைக்கும் இந்த டியூப்பைத் தண்ணியிலயே புடிச்சுட்டு இருக்கேன்."

அவன் சொன்னதை இரண்டாம் முறை தன் போனிலிருந்தே கேட்டபோதுதான் அவளுக்குக் குட்டு உடைந்தது புரிந்தது. என்னவோ எழுதினாள், அழித்தாள். திரும்ப எழுதினாள், அதையும் அழித்தாள். பிறகு போனைக் கவிழ்த்துவிட்டு எழுந்து, நடுக் கதவைத் திறந்துகொண்டு, கேமராவுக்கு நேராகக் கடைக்குள் போய் நின்றாள்.

தொட்டியில் ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது.

"என்ன காக்கா?" என்றான் அவன். சிரிக்கவில்லை.

"மெத்தை மேல எனக்கு ஒரு குறையும் இல்லீங்க," என்றாள். "ஆனா எனக்கு ரோட்டைப் பார்க்கணும். சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுங்க."