'வெய்ட்' பாடத்துக்கு எடுத்த படம்

அப்பாவின் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்குப் போட்டோ தேடினால், என் லேப்டாப்பில் இருந்த அந்த ஒன்றுதான் உருப்படியாகக் கிடைத்தது. எங்கள் ஊர் கெடார் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு விழுப்புரம் ரோட்டையே பார்க்கிறார். பாடத்துக்காக நானே எடுத்தது. திண்டிவனத்தில் வாடகை அறையில் உட்கார்ந்து சீனாக்காரர்களுக்கு ஆன்லைனில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் ஒரு படம் வைப்பேன். 'வெய்ட்' என்றால் காத்திருப்பது, அதற்கு அப்பா.

"இன்னும் எவ்ளோ நேரம்மா நின்னுக்கினு இருக்கணும்?"

"கேமராவப் பாக்காதப்பா. பஸ் வர்ற பக்கம் பாரு. நான் வர்றேன்னு நெனச்சிக்கோ."

"அதுக்கு எதுக்கு நடிக்கணும்? வாராவாரம் பண்றதுதான?" என்று சிரித்தார் என் அப்பா சின்னப்பராஜ்.

போன மாதம் ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். திடீரென்று ஒரு கிளாஸ் வந்தது, எடுத்துக்கொண்டேன். ஒரு போன் பண்ணியிருக்கலாம். சொன்னால் முகம் வாடிப்போகுமே, சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பாவி நான். உச்சி வெயிலில் நாலு பஸ் பார்த்துவிட்டு அங்கேயே சரிந்தாராம். எனக்காக அவித்த மல்லாட்டைக் கடலை துண்டில் முடிந்திருந்தது. தம்பி அருண் முடிச்சுகூட அவிழ்க்காமல் என் கையில் கொடுத்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

அடக்கம் முடிந்து பத்தாம் நாள் கிளாஸ் எடுத்தேன். லின் என்ற பெண், துணிக்கடையில் வேலை செய்பவள். அடுத்த பாடம் எதுவென்று பார்க்காமலே திறந்தேன். திரை முழுக்க அப்பா வந்து நின்றார்.

படத்துக்குக் கீழே நான் எழுதியிருந்ததை லின் ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். 'அப்பா மகளுக்காகக் காத்திருக்கிறார்.' அப்புறம் நிமிர்ந்து, தட்டுத்தடுமாறிக் கேட்டாள்.

"டீச்சர், மகள் வந்தாளா?"

"வந்தாள்" என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி கேமராவை அணைத்துவிட்டு அழுதேன்.

மறுநாளே கெடாருக்குப் பஸ் ஏறினேன். இறங்குகிற இடத்தில் அருண் நின்றிருந்தான்.

"அப்பா எங்க நிக்குமோ அங்கயே கட்டிட்டேன்க்கா" என்றான்.

பஸ் ஸ்டாப் கம்பத்தில் ஃப்ளெக்ஸ் காற்றில் படபடத்தது. அதன் எதிரில் போய் நின்றேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக, விழுப்புரத்திலிருந்து வரும் அடுத்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.