பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம்

நஸீரா அந்த வெள்ளிக் குழலைக் காலையிலிருந்து எத்தனையாவது முறையாகக் கழுவுகிறாள் என்று ரகீதா எண்ணுவதை நிறுத்தியிருந்தாள். விருந்தாளிகளுக்கு மாத்தே என்ற இலைப் பானத்தை உறிஞ்சக் கொடுக்கும்போது மட்டும் வெளியே வரும் குழல் அது. எலுமிச்சைத் தோலால் அதன் வாயைத் தேய்ப்பதும் வெந்நீர் ஊற்றுவதும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தேய்ப்பதுமாக இருந்தாள் அம்மா. வரப்போகிற விருந்தாளிக்கு நாலு வயது முடிந்திருக்கிறது, அவன் மாத்தே குடிக்க மாட்டான் என்று சொல்ல ரகீதா வாயெடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். அண்ணன் வஜ்தி செத்துப்போனதிலிருந்து அந்த முகத்தில் இப்படியொரு களையை அவள் பார்த்ததில்லை.

வருகிறவன்தான் வஜ்தி என்று அம்மா முடிவே கட்டிவிட்டாள். மலைக்கு அந்தப் பக்கம், இவர்களைப் போலவே துரூஸ் மார்க்கத்தார் வாழும் ஒரு கிராமத்தில் பிறந்த ஃபிராஸ் என்ற பையன், பேச்சு திருந்தியதிலிருந்து ஒரே பாட்டாகப் பாடுகிறானாம். இது என் வீடு இல்லை, என் வீட்டு வாசலில் முசுக்கட்டை மரம் இருக்கும், என் சிவப்பு வண்டி தண்ணீருக்குள் போய்விட்டது என்று. அவன் பிறந்ததும்கூட, வஜ்தி தன் சிவப்பு வண்டியோடு ஆற்றில் விழுந்த அதே சாயங்காலம்தான். அந்த மலையில் இதற்கு யாரும் மூக்கில் விரல் வைப்பதில்லை. உடம்பைச் சட்டை என்றுதான் அங்கே சொல்வார்கள். ஒரு சட்டை கிழிந்த நிமிஷமே உயிர் அடுத்த சட்டைக்குள் நுழைந்துவிடும். நோயில் படுத்துச் சாகிறவர்களுக்கு எதுவும் நினைவிருக்காது. அரைகுறையாகப் பிடுங்கப்பட்டவர்கள்தான் திரும்பி வந்து பேசுவார்கள். அதுவும் பள்ளிக்கூடம் போகும்வரைதான், பிறகு மறந்துபோகும். அதனால்தான் அம்மாவுக்கு இத்தனை அவசரம்.

ரகீதா பெய்ரூத்தில் உயிரியல் ஆசிரியை. இந்த விஷயத்தில் அம்மாவோடு அவள் மல்லுக்கட்டாத விடுமுறை கிடையாது. பள்ளத்தாக்குக்கு எதிரே, மணிக்கூண்டு தெரிகிற கிறிஸ்தவ ஊரிலும் வாலிபர்கள் வண்டியோடு விழுந்துதானே சாகிறார்கள், அங்கே ஒரு குழந்தைகூட ஏன் வாயைத் திறப்பதில்லை என்று கேட்பாள். அங்கே யாரும் குழந்தைகளிடம் அதைக் கேட்பதில்லை, அவ்வளவுதான்; நீயும் நானும் அந்தக் கரையில் பிறந்திருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்போம் என்று பதிலையும் அவளே சொல்வாள். "கேக்காதது அவங்களுக்குத்தான் நஷ்டம்" என்று அம்மா வெள்ளை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். மகன் செத்த வருஷம் மார்க்கப் பெரியவர்களோடு சேர்ந்து போட்டுக்கொண்ட முக்காடு அது.

இத்தனை தெளிவாகப் பேசுகிறவளுக்கு, பையன் வருவதாகச் செய்தி வந்த முந்தாநாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். வஜ்தி செத்த அன்று அவனை வரச்சொன்னவள் அவள். பெய்ரூத்தில் ஒரு சிநேகிதி வீட்டு விருந்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்து கடைசி வேனைக் கோட்டை விட்டாள். போனில் கூப்பிட்டதும் வஜ்தி தயங்கினான். மேலே பனிமூட்டம் கையை நீட்டினால் தெரியாத அளவுக்கு இருக்கிறது, டயர் மொழுக்கென்று இருக்கிறது, நாளைக்கு மாற்றப் போகிறேன், ஒரு ராத்திரி அங்கேயே படுத்துக்கொள் என்றான். சிநேகிதி வீட்டில் அவளுக்குப் படுக்க இடமும் இருந்தது. ஆனாலும் அழுதாள். நீயெல்லாம் ஒரு அண்ணனா என்று கேட்டாள். அந்த ஒரு சொல்லுக்காக வண்டியை எடுத்தவன், ஆற்றுக்கு மேலிருக்கும் வளைவைத் தாண்டவில்லை. போனும் அவனோடு தண்ணீருக்குள் போயிற்று. அடக்கம் முடிந்த வீட்டில் அம்மா எல்லோரையும் பிடித்துப் பிடித்துக் கேட்டாள், என்னிடம்கூடச் சொல்லாமல் அவன் எங்கே கிளம்பினான் என்று. ரகீதாவிடமும் கேட்டாள். தெரியாது அம்மா என்றாள் ரகீதா. அந்த ஒரு பொய்யின் மேல்தான் இத்தனை வருஷமாக அந்த வீட்டில் அவள் காலை வைத்து நடக்கிறாள்.

மதியத்துக்கு மேல் ஒரு பழைய கார் முனகிக்கொண்டு வந்து நின்றது. பையனின் அப்பா அத்ஹம், வெட்கப்பட்டவன் மாதிரி தலையைச் சொறிந்துகொண்டு இறங்கினான். பையனின் அம்மா ஹனான் ஒரு தட்டு நிறைய அத்தியும் வால்நட்டும் கொண்டு வந்திருந்தாள். பையன் மூக்கு ஒழுக முசுக்கட்டை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "என் வண்டி எங்க?" என்றான். நஸீரா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அத்ஹமின் அத்தை இதே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், சிவப்பு வண்டிக் கதை மலை முழுக்கத் தெரிந்த கதை என்று ரகீதா தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதில் ஒரு சுகமும் இல்லை.

சோதனை வைக்கும் வேலையை அம்மா அவள் தலையில்தான் கட்டியிருந்தாள். நம்பாதவள் கேட்டால் நாளைக்கு யாரும் நொட்டை சொல்ல மாட்டார்கள் என்பது அம்மாவின் கணக்கு. ரகீதா கம்பளத்தில் போட்டோக்களைப் பரப்பினாள். பையன் வஜ்தியின் மேல் விரலை வைத்தான். அதே முகம் சுவரில் பெரிதாக மாட்டியிருப்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. அம்மா பையனை மடியில் தூக்கிக்கொண்டாள், அவன் தலையை முகர்ந்து பார்த்தாள். பையனும் அந்நியம் பாராட்டாமல் அவள் முக்காட்டு நுனியை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டான். பொய்யோ மெய்யோ, அம்மாவின் மடி நிறைந்திருந்தது.

அப்போதுதான் அம்மா, சோதனையெல்லாம் மறந்தவளாக, சின்னக் குரலில் கேட்டாள்.

"ஏன் கண்ணு, அன்னிக்கி எங்கடா போன? அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

பையன் யோசிக்கிற மாதிரி உதட்டைப் பிதுக்கினான். பிறகு தலையைத் திருப்பி ரகீதாவைப் பார்த்தான். அவள், தான் என்ன செய்கிறோம் என்று தெரிவதற்கு முன்பே எழுந்து, குழந்தைக்கு வண்டி ஷெட்டைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று அவனை மடியிலிருந்து அள்ளிக்கொண்டாள். அம்மாவின் கைகள் அந்தரத்தில் அப்படியே நின்றன.

ஷெட்டில் வண்டி இல்லை. வஜ்தியின் கருவிகளும் ஆப்பிள் கூடைகளும்தான் இருந்தன. அவனை ஒரு கூடையைக் கவிழ்த்து உட்கார வைத்தாள். எதிரே, எண்ணெய் படிந்த தரையில் மண்டியிட்டாள். வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்று ஆதாரம், ஆதாரம் என்று முழங்குகிற தன் குரல் அவள் நினைவுக்கு வந்தது. அவளோடு வேலை பார்க்கும் தெரேஸ் எதிர்க்கரை ஊர்க்காரி. ஈஸ்டருக்கு முன்னால் கோயிலுக்குப் போய், மரக்கூண்டுக்குள் இருக்கும் பாதிரியாரிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, முகம் கழுவினவள் மாதிரி திரும்பி வருவாள். அந்தக் கரையில் பிறந்திருந்தால் தனக்கும் ஒரு கூண்டு கிடைத்திருக்கும் என்று தோன்றியது. இந்தக் கரையில் பிறந்தவளுக்கு இறந்தவனே எதிரே வந்து உட்காருகிறான், பக்கத்தில் பாதிரியாரும் இல்லை, மறைக்கத் திரையும் இல்லை.

"உன்ன யாரு கூப்பிட்டா?" என்று கேட்டாள். "எம்மேல கோவமா இருக்கியா?"

பையன் அவள் கண்ணீரை ஒரு வேடிக்கையைப் போலப் பார்த்தான். சுவரில் மாட்டியிருந்த சுத்தியல் வேண்டும் என்றான். எடுத்துக் கொடுத்தாள். கூடையைத் தட்டினான், சத்தம் பிடித்திருந்ததால் மறுபடி தட்டினான். அவள் இன்னொரு தரம் கேட்டாள், கெஞ்சினாள் என்றே சொல்லவேண்டும். வீட்டில் ஆடு இருக்கிறதா என்று அவன் கேட்டான். அவன் ஒன்றும் சொல்லாமல் விட்டது நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவளுக்கோ ஏமாற்றமாக இருந்தது. நீதான் கூப்பிட்டே என்று அவன் சொல்லிவிட மாட்டானா என்று காத்திருந்ததை அப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது மாத்தே ஒரு சுற்று முடிந்து நஸீரா இரண்டாவது சுற்றுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஷெட்டில் என்ன சொன்னான் என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றாள் ரகீதா. உண்மையைச் சொல்லும்போதும் அதே பழைய பொய்யின் குரல்தான் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏற ஆரம்பித்தது. எதிர்க்கரை மணிக்கூண்டு முதலில் மறைந்தது, பிறகு ஆற்றுவளைவு. இருட்டுவதற்குள் மலையைத் தாண்டிவிடலாம் என்று அத்ஹம் எழுந்தான். நஸீரா பையனை மனசில்லாமல் ஹனானிடம் கொடுத்தாள். எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். பையன் பின்சீட்டில் ஏறிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டான். அத்ஹம் சாவியைத் திருகினான்.

ரகீதா குனிந்தது யாருக்கும் புரியவில்லை. ஏதோ கீழே விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று ஹனான் நினைத்தாள். அவள் சேற்றில் முழங்கால் ஊன்றி முன்சக்கரத்தின் டயரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தாள். கை வழுக்கிக்கொண்டு போயிற்று. பின்சக்கரத்துக்குப் போனாள், அதுவும் அப்படித்தான்.

"எறங்குங்க" என்றாள். "இதுல போகக்கூடாது. புள்ளைய எறக்குங்க."

அத்ஹம் சிரித்துச் சமாளித்தான். இதே டயரில்தானே வந்தோம், ஒன்றும் ஆகாது, அடுத்த வாரம் மாற்றப் போகிறேன் என்றான்.

"அவனும் இதையேதான் சொன்னான்" என்றாள் ரகீதா. "டயரு மொழுக்குன்னு இருக்கு, நாளைக்கு மாத்தணும்னு சொன்னான். நான் கேக்கல."

இன்ஜின் நின்றது. ரகீதா எழுந்திருக்கவில்லை. கருப்பாகிப்போன உள்ளங்கையை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் அம்மாவின் செருப்புச் சத்தம் இரண்டடி வந்து நின்றது.

"எப்பச் சொன்னான்?" என்று கேட்டாள் நஸீரா.

பின்சீட்டுக் கதவைப் பையன் தானே திறந்துகொண்டு இறங்கினான். சுத்தியலை இன்னும் கையிலேயே வைத்திருந்தான். பனி முசுக்கட்டை மரத்தைத் தாண்டி வாசலுக்கு வந்துவிட்டது. அவன் ரகீதாவின் பக்கத்தில் சேற்றில் குந்தி, அவளைப் போலவே டயரின் மேல் தன் சின்னக் கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தான். பிறகு தலையை நிமிர்த்தி, மற்றவர்களைப் போலவே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.