ஆளுக்குப் பின்னால்

என் தம்பியை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு வீடாகப் போய் மின்மீட்டர் பார்க்கிற வேலை. அதோடு நின்றிருந்தால் எனக்கென்ன? பேசாத காலத்துப் பழைய படங்களைப் போட்டுப் பார்த்து, அதில் வருகிற தெரு எது, சந்து எது, சுவர் எது என்று தேடி அலைவதுதான் அவனுக்குச் சோறும் தூக்கமும். படத்தை நிறுத்தி, அந்தக் காட்சியை உள்ளங்கை அளவுக்குக் காகிதத்தில் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான். மீட்டர் பார்க்கப் போகிற தெருவெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பான்.

"ஆளைப் பாக்கக் கூடாதுக்கா. பாத்தா சிரிப்பு வந்துரும், கட்டடத்தக் கோட்ட விட்ருவோம். ஆளுக்குப் பின்னால பாக்கணும்" என்பான். அவனைப் போல அலைகிற ஒரு கூட்டமே இருக்கிறது. அத்தனை பேருக்கும் இதுதான் வேதவாக்கு.

ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் நின்று கத்தினான். "அக்கா, உன் வீடுக்கா! உன் படிக்கட்டுக்கா!"

காகிதத்தைக் காட்டினான். ஒல்லியான ஒருத்தன், போலீஸ்காரனிடமிருந்து தப்பிக்க, கட்டடத்தின் வெளிப்பக்க இரும்புப் படிக்கட்டின் கைப்பிடியில் உட்கார்ந்து சறுக்கி வருகிறான். கீழே தண்ணீர்த் தொட்டி, அதில்தான் விழுவானாம். படிக்கட்டு, ஜன்னல், மேலே வளைந்த மூலை எல்லாம் அச்சு அசலாக எங்கள் கட்டடம்.

எனக்கு உயிர் வந்தது. காரணம் சினிமா இல்லை. வாடகை வாங்குகிற வீட்டுக்காரர் கட்டடத்தை இடிக்கத் துடித்துக்கொண்டிருந்தார். என் கணவருக்கோ பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. படுக்கையிலிருந்து கழிப்பறை வரைக்கும் ஒரு குறுகிய நடைவழி உண்டு. போகும்போது வலது கைக்கு ஒரு சுவர், வரும்போது வலது கைக்கு எதிர்ச்சுவர். அவற்றைப் பிடித்துப் பிடித்துத்தான் மனிதர் திரும்பவும் நடக்கக் கற்றுக்கொண்டார். நான் மருத்துவமனையில் துணி மடிக்கப் போயிருக்கும்போது, யார் கையையும் எதிர்பார்க்காமல் தானே போய்வருவார். அவருக்கு மிச்சமிருந்த மானம் அந்த இரண்டு சுவர்கள்தான்.

பழைய படம் எடுத்த கட்டடம் என்று நிரூபித்தால் இடிக்க அனுமதி கிடையாது என்று நகராட்சியில் ஒரு விதி இருந்தது. மனுப் போட்டோம். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பக்கம் வீட்டுக்காரர், இன்னொரு பக்கம் நானும் மீட்டரும். நடுவில் அதிகாரியம்மா.

மீட்டர் காட்சியைச் சுவர் நிறையப் பெரிதாகப் போட்டான். ஜன்னல் ஜன்னலாக, படி படியாகக் குச்சியால் தொட்டுத் தொட்டு விளக்கினான். வீட்டுக்காரரின் முகம் செத்துப்போனது. அதிகாரியம்மா பேனாவை எடுத்தார். நான் மனசுக்குள் கும்பிட்டேன்.

அப்போதுதான் இந்தப் பாவி சுவரைப் பார்த்து அப்படியே நின்றான். பிறகு அவன் முகம் மலர்ந்தது.

"அக்கா, கோட்டுப் பட்டன் மாறியிருக்கு" என்று என் காதில் சொன்னான். "ஆம்பளைக் கோட்டுல இடப்பக்கம்தான் மேல வரும். இதுல வலப்பக்கம் வருது. பிரதி எடுத்தவன் ஃபிலிமைத் திருப்பிப் போட்டிருக்கான். எல்லாமே கண்ணாடியில தெரியற மாதிரி இடவலம் மாறிக் கெடக்கு. இது உன் கட்டடம் இல்லக்கா. எதிர்க் கட்டடம்!"

எங்கள் கட்டடமும் எதிர்க் கட்டடமும் ஒருவரே ஒரே நேரத்தில் கட்டியவை. இதில் கைப்பிடி எந்தப் பக்கமோ, அதில் அதற்கு எதிர்ப்பக்கம். அதை எப்போதோ இடித்துத் தள்ளிவிட்டார்கள். இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள்.

"வாயை மூடிக்கிட்டு உக்காருடா" என்றேன். அவன் காலை நன்றாக மிதித்தேன். "மாமாவ நெனச்சுப் பாருடா."

"தப்பைத் தப்புன்னு சொல்லணும்ல?" என்றான். கண்ணெல்லாம் பளபளத்தது. "ஒரு நிமிஷம் மேடம். பெரிய கண்டுபிடிப்பு!"

கேட்டு முடித்ததும் அதிகாரியம்மா பேனாவை மூடினார். வீட்டுக்காரர் எழுந்து வந்து என் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவனும் பல்லைக் காட்டிக்கொண்டு குலுக்கினான்.

காலி பண்ணின அன்றைக்கு என் கணவரை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு அந்த இரும்புப் படிக்கட்டில் இறங்கினார்கள். பயத்தில் வலது கையால் கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தார். மீட்டர் கீழே நின்று கேமராவைத் தூக்கினான்.

"அங்கயே ஒரு செகண்டு நில்லுங்க மாமா! அந்தாளு சறுக்கின எடம்!"

நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் எடுத்து முடிக்கும்வரை தூக்கினவர்கள் நின்றார்கள். நான் மண்ணை வாரித் தூற்றாத குறை.

புது வீட்டில் நடைவழி கிடையாது, ஒரே ஒரு சுவர்தான். கழிப்பறைக்குப் போகும்போது அது அவருக்கு இடது பக்கம், செத்த கைப் பக்கம். வரும்போது பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கிறது, போகத்தான் இல்லை. முதல் வாரமே விழுந்தார். அதோடு நடை நின்றது. நான் வேலை முடித்து வருகிறவரைக்கும் ஈரத்திலேயே கிடக்கிறார். வந்ததும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

போன மாதம் மீட்டர் வந்தான். அவன் கூட்டத்தார் நடத்துகிற இதழை விரித்து அவர் மடியில் வைத்தான். காலி பண்ணின அன்றைக்கு எடுத்த படிக்கட்டுப் போட்டோ பக்கம் முழுக்க இருந்தது. 'இடிக்கப்பட்ட உண்மையான கட்டடம் இப்படித்தான் இருந்திருக்கும்' என்று கீழே போட்டிருந்தார்கள்.

"போட்டோவ இடவலம் மாத்திட்டேன் மாமா, இப்ப அப்படியே எதிர்க் கட்டடம்தான்" என்றான். "பாருங்க, இதுல நீங்க இடது கையால புடிச்சிருக்கீங்க. இந்த மாமாவா இருந்தா இந்த வீட்டுல கழிப்பறைக்கு ஜம்முனு நடந்து போயிருவாரு!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். கையிலிருந்த துடைக்கிற துணியை அவன் மூஞ்சியில் வீசலாமா என்றிருந்தது. ஆனால் அவர் இதழைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே" என்று குழறினார். "அந்தாளு தொட்டில விழுந்தானே... அப்புறம் எந்திரிச்சானா?"

மீட்டர் கொஞ்சம் யோசித்தான்.

"தெரியல மாமா. நான் ஆளைப் பாக்கல" என்றான்.