வலது கண்ணில் வந்தவள்

மாதப்பனுக்கு முப்பத்தொன்பது வயது. ஏற்காடு மலையில், கொட்டச்சேட்டுக்கு மேலே உள்ள ஓர் எஸ்டேட்டில் மிளகு பறிப்பது அவன் வேலை. காப்பிச் செடிகளுக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி நாற்பது அடிக்கு மேல் ஏறிப் படர்ந்திருக்கும். ஒற்றை மூங்கிலில் பக்கக் கிளைகளை அரையடி விட்டு நறுக்கிச் செய்த ஏணியை மரத்தோடு கட்டி, இடுப்பில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏறிப் பறிக்க வேண்டும். அந்த எஸ்டேட்டில் உச்சிக் கொடிக்கு ஏற அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

பிப்ரவரியில் ஒருநாள் காலை, வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அடுப்புப் புகை இடது கண்ணில் ஏறியது. அந்தக் கண்ணைக் கசக்கிக்கொண்டே எதிர்ச்சரிவைப் பார்த்தான். வரிசையாக நின்ற மரங்களில் ஒன்று மட்டும் நடுவில் முழங்கை போல மடிந்திருந்தது. இடது கண்ணைத் திறந்தான். மரம் நேரானது. மறுபடியும் மூடினான். மடிந்தது. அடுத்த மரத்தைப் பார்த்தான். அதுவும் மடிந்தது. எந்த மரத்தைப் பார்க்கிறானோ அந்த மரம்தான் மடிகிறது என்று புரிய அவனுக்குச் சற்று நேரமானது.

வாய் கொப்பளிக்காமலே வீட்டுக்குள் போய்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். கட்டங்கள் நடுவில் குழிந்து, அந்தக் குழியில் சாம்பல் பூசியது போல ஒரு வட்டம் இருந்தது. எந்தத் தேதியைப் பார்த்தாலும் அந்தத் தேதி இல்லை. சுற்றியிருந்த தேதிகள் எல்லாம் இருந்தன.

அவன் அண்ணன் சித்தன் இறந்து ஆறு வருடமாகிறது. "கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்குதுடா" என்று அண்ணன் முதலில் சொன்னது மாதப்பனிடம்தான். தலைக்குள் கட்டி. சொன்ன நாளிலிருந்து மூன்று மாதம்கூட அண்ணன் உயிரோடு இல்லை. அதனால் இப்போது தன் கண்ணைப் பற்றி அவன் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. மனைவி அத்தாயியிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அன்றிலிருந்து நாள் ஓட ஆரம்பித்துவிடும் என்று அவனுக்குத் தோன்றியது.

சொல்லவில்லையே தவிர, சோதிக்காமல் இருக்க முடியவில்லை. காலை எழுந்ததும் மரங்கள். பிறகு காலண்டர். பஸ் ஜன்னல் கம்பி, டீக்கடைப் பலகை எழுத்து, கதவு நிலை. இடது கண்ணை மூடுவான், திறப்பான், மூடுவான். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இருக்கும். வேலை நடுவில் மரத்தின் மறுபக்கம் போய் நின்று போனில் கண் நோய் பற்றிய வீடியோக்களைப் பார்ப்பான். அதில் சொன்ன ஒவ்வொரு நோயும் தனக்கு இருப்பதாகப் பட்டது. தலையைக் குனிந்தால் வலிக்கிறதா என்று குனிந்து பார்ப்பான். பத்துத் தடவை குனிந்தால் யாருக்கும் வலிக்கும்.

ஏற்காடு பஸ்ஸில் ஒருநாள் அடி வாங்கவும் பார்த்தான். எதிர் சீட்டுக்காரர்களின் முகத்தில் மூக்கும் வாயும் மறைகின்றனவா என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, ஒரு பெண்ணின் மீசைக்காரப் புருஷன் எழுந்து வந்து சட்டையைப் பிடித்தான்.

"ஏனுங்க, பொம்பளைங்களப் பாத்துக் கண்ணடிச்சுக்கிட்டே வர்றீங்க? வயசென்ன ஆகுதுங்க உங்களுக்கு?"

"தூசிங்க" என்றான் மாதப்பன். "கண்ணுல தூசிங்க." பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். வெட்கத்தைவிட அவனுக்கு வேறொன்று பெரிதாக இருந்தது. சட்டையைப் பிடித்தவன் கோபத்தில் முகத்தை அருகே கொண்டுவந்தபோது, பழக்கத்தில் இடது கண் தானாக மூடிக்கொண்டது. சாம்பல் வட்டத்துக்குள் அந்த ஆளின் முகம் இல்லை. ஒரு பெண்ணின் முகம் இருந்தது.

சிறிய முகம். நெற்றி அகலம். இடது கன்னத்தில் அம்மை வடு. கண்கள் மூடியிருந்தன. மீசைக்காரனின் கழுத்துக்கு மேலே, அவன் கத்திக்கொண்டிருந்த இடத்தில், அந்த முகம் அசையாமல் உறங்கிக்கொண்டிருந்தது.

மாதப்பன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மீதி வழியை நடந்தே போனான்.

அதற்குப் பிறகு இடது கண்ணை மூடி யாரைப் பார்த்தாலும் அவள்தான். எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் மெல்வின் ஆள் பெயர் வாசிக்கும்போது மெல்வினின் தொப்பிக்குக் கீழே அவள். ஏணியைப் பிடிக்கும் பெரியநாயகத்தின் காதுகளுக்கு நடுவில் அவள். மரத்தையோ பாறையையோ பார்த்தால் வெறும் சாம்பல்தான். மனித முகத்தைப் பார்த்தால் மட்டும் வந்தாள். செத்துப்போன அண்ணனின் முகம் வந்திருந்தால்கூட அவன் இவ்வளவு பயந்திருக்க மாட்டான். இவளை அவனுக்குத் தெரியவே தெரியாது. கொட்டச்சேடு, வாழவந்தி, கிளியூர் என்று அவன் அறிந்த ஊர்களில் உள்ள பெண்களையெல்லாம் மனதில் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்தான். அப்படி ஒரு முகம் அவர்களில் இல்லை.

அத்தாயியை மட்டும் அந்தக் கண்ணால் பார்ப்பதில்லை என்று உறுதியாக இருந்தான். பத்து நாள் இருந்தான். பதினோராம் நாள் அவள் குனிந்து சோறு போட்டு நிமிர்ந்தபோது இடது கண் மூடிக்கொண்டது. அத்தாயியின் தோடுகளுக்கு நடுவே அந்த முகம் இருந்தது. இந்தத் தடவை இமைகள் சரியாக மூடியிருக்கவில்லை. நூல் அளவுக்கு வெள்ளை தெரிந்தது.

"என்னங்க, உப்பு இல்லீங்களா?"

"இருக்குது."

"பொறவு ஏன் வேர்க்குது?"

அவன் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டான். மறுநாள் இமைகள் இன்னும் சற்று விலகியிருந்தன. அதற்கு மறுநாள் கருவிழியின் அடிப்பக்கம் தெரிந்தது. அவள் விழித்துக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது. முழுதாகக் கண் திறந்து தன்னைப் பார்க்கும் நாள்தான் தனக்குக் கடைசி நாள் என்ற நினைப்பு எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொண்டது. அது முட்டாள்தனம் என்று அவனுக்கே தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை. பதினொரு மணிக்கும் பனிமூட்டம் விலகவில்லை. எஸ்டேட்டின் மேல் ஓரத்தில் ஒரு பெரிய மரம். மாதப்பன் முப்பது அடிக்கு மேல் ஏறியிருந்தான். அத்தாயியும் இன்னும் மூன்று பெண்களும் கீழே சிந்திய மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கொடியிலிருந்து ஒரு சுள்ளி தெறித்து இடது கண்ணில் பட்டது. நீர் கொட்டியது. இமையைத் திறக்க முடியவில்லை.

"மாதப்பா, என்ன ஆச்சுப்பா?" என்று பெரியநாயகம் கீழிருந்து கேட்டார்.

மாதப்பன் குனிந்து பார்த்தான். ஏணியின் அடியில் பெரியநாயகத்தின் காக்கிச் சட்டை. அதன்மேல், அண்ணாந்து, அந்த முகம். கண்கள் முழுதாகத் திறந்திருந்தன. அவனையே பார்த்தன.

அவன் ஏணியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். காலை எடுத்து அடுத்த கணுவில் வைக்க முடியவில்லை. ஏணி அவன் நடுக்கத்தில் மரத்தோடு உரசிச் சத்தமிட்டது. பெரியநாயகம் ஏதோ கத்தினார். மற்ற பெண்களும் அண்ணாந்து பார்த்தார்கள். கீழே நான்கைந்து உடம்புகள். எல்லாவற்றிலும் ஒரே முகம் மாறி மாறி வந்தது.

"அவளப் போகச் சொல்லுங்க" என்றான். "என்னைப் பாக்கறா. போகச் சொல்லுங்க."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அத்தாயி கூடையைப் போட்டுவிட்டு ஏணியின் அடிக்கு வந்தாள்.

"ஏனுங்க, நான் பேசறது கேக்குதுங்களா?"

"கேக்குது புள்ள."

"ரெண்டு கண்ணையும் மூடுங்க."

"மூடுனா உளுந்துருவேன்."

"உளுக மாட்டீங்க. நீங்க கண்ண வெச்சா ஏறுனீங்க? காலு தெரியுமுங்க அதுக்கு. மூடுங்க."

மூடினான்.

"சோத்துக்காலக் கீழ உடுங்க. இன்னும். இன்னுங் கொஞ்சம். தட்டுப்பட்டுச்சா? அதுல நில்லுங்க. சித்த நேரம் நின்னு மூச்சு உடுங்க. இப்ப பீச்சக்காலு."

முப்பது அடியையும் அப்படியே இறங்கி வந்தான். கால் மண்ணில் பட்ட பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. அத்தாயி அவன் முகத்தைத் தன் முந்தானையால் மூடி, காப்பிச் செடி ஓரத்தில் உட்கார வைத்தாள். துணிக்குள்ளிருந்தே அவன் எல்லாவற்றையும் சொன்னான். மரம் மடிந்தது, காலண்டர், பஸ், அண்ணன், அவள்.

"என் மூஞ்சியிலயுமா?" என்று அத்தாயி கடைசியில் கேட்டாள்.

"உன் மூஞ்சியிலயும்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சேலம் போனார்கள். கண் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். சொட்டு மருந்து விட்டு, ஒரு கருவியில் தாடையை வைக்கச் சொல்லிக் கண்ணுக்குள் படம் எடுத்தார்கள். திரையில் அடுக்கடுக்காகக் கோடுகள். நடுவில் ஓரிடத்தில் கொப்புளம் போலத் தூக்கியிருந்தது.

"விழித்திரைக்கு அடியில நீர் கோத்திருக்கு. அதனாலதான் நேர்கோடு வளையுது, நடுவுல தெரியல. வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

முட்டி வலிக்காக மாதப்பன் கடையில் வாங்கி ஐந்து மாதமாகச் சாப்பிட்டுவந்த சின்ன வெள்ளை மாத்திரையை அத்தாயி பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டுத் தலையாட்டினார். அது ஸ்டீராய்டு என்றும், இந்த நீர் கோத்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்றும் சொன்னார். இவ்வளவு நாள் சாப்பிட்டதைச் சட்டென்று விடக் கூடாது, அளவு குறைத்துக் குறைத்து நிறுத்த வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். மூன்று நான்கு மாதத்தில் நீர் பெரும்பாலும் தானாக வற்றிவிடும்.

"தலைக்குள்ள கட்டி இல்லீங்களா?" என்று மாதப்பன் கேட்டான்.

"இதுக்கும் தலைக்கும் சம்பந்தமில்லை."

அவன் அழுதான். டாக்டர் காத்திருந்தார். பிறகு அத்தாயிதான் அந்த முகத்தைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. கண் காட்டாத இடத்தை மூளை சும்மா விடாது, தானே எதையாவது வரைந்து வைக்கும், வேறு சிலரும் தன்னிடம் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

"அது சரிங்க. ஏன் எல்லார்த்து மேலயும் ஒரே முகம்?"

"அது எனக்குத் தெரியலைம்மா" என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் அத்தாயி முதலில் அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் எழுந்து, நல்ல கண் இருந்த இடப்பக்கம் மாறி உட்கார்ந்தாள். பாதி மலை ஏறிய பிறகு அவளே பேசினாள்.

"கண்ணத் தொறந்தா செத்துருவேன்னு நெனச்சீங்களே. அவ நேத்தே தொறந்துட்டாளல்ல. நீங்க உசுரோடதான இருக்கீங்க?"

மாதப்பனுக்கு அப்போதுதான் அது உறைத்தது.

மெல்வின் அவனை ஏணி வேலையிலிருந்து மாற்றிக் களத்தில் மிளகு காயவைக்கும் இடத்தில் போட்டார். அத்தாயி தினமும் சாயந்திரம் வெளிச்சம் இருக்கும்போதே வாசலில் அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள். "பாருங்க" என்பாள். முதல் நாள் அவன் மாட்டேன் என்றான். அவள் விடவில்லை.

"உங்களுக்குத் தெரியற மூஞ்சி எங்கிட்டத்தான இருக்குது? அவ என்ன பண்றான்னு எனக்கும் தெரியோணும். பாருங்க."

இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு அவன் பார்த்தான். அத்தாயியின் தோடுகளுக்கு நடுவிலிருந்து அந்த முகம் அவனைப் பார்த்தது. அவன் பார்வையை விலக்கவில்லை. என்ன தெரிகிறது என்று அத்தாயி ஒவ்வொன்றாகக் கேட்டாள். புருவம் எப்படி, மூக்குத்தி உண்டா, வயது என்ன இருக்கும். அவன் சொல்லச் சொல்ல அத்தாயி தன் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இங்கியா வடு? இன்னும் மேலயா?" என்று கேட்டாள். தொட்ட விரலைப் பிறகு சேலையில் துடைத்துக்கொண்டாள்.

ஏப்ரலில் மழை பெய்து காப்பி பூத்தது. சரிவு முழுக்க வெள்ளையாக வாசம் அடித்தது. அந்த வாரத்தில்தான் வட்டத்துக்குள் இருந்தவள் மெலியத் தொடங்கினாள். அம்மை வடு இருந்த கன்னத்தின் வழியாக அத்தாயியின் கன்னம் தெரிந்தது. பிறகு நெற்றி போனது. ஒரு சாயந்திரம் கண்கள் மட்டும் இருந்தன. அவை முன்போல அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளைத் தாண்டி வீட்டுக்குள் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. அவன் திரும்பிப் பார்த்தான். அடுப்பும் தண்ணீர்க் குடமும்தான் இருந்தன.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது அத்தாயியின் முகம் மட்டுமே இருந்தது. கொஞ்சம் மங்கல், கொஞ்சம் சிறியது. ஆனால் அத்தாயி.

"போயிட்டா" என்றான்.

"எங்கீங்க போனா?" என்று அத்தாயி கேட்டாள். பிறகு எழுந்து விளக்கைப் போட்டாள்.

அடுத்த தடவை சேலத்தில் எடுத்த படத்தில் கொப்புளம் முக்கால்வாசி வற்றியிருந்தது. மரங்கள் நிமிர்ந்துவிட்டன. நிறம் மட்டும் வலது கண்ணுக்கு ஒரு பிடி குறைவாகவே இருந்தது. அது அப்படியே நின்றுவிடலாம் என்றார் டாக்டர். மாதப்பன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாளுக்கு நூறு தடவை மூடிய கண்ணை இப்போது காலையில் ஒரு தடவைதான் மூடினான்.

மே மாதம், சாமி குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோயிலின் திருவிழாவுக்கு இருவரும் போனார்கள். மலையிலிருந்த எல்லா ஊர் ஜனமும் மேட்டில் கூடியிருந்தது. குகைக்குள் போகும் வரிசை அசையாமல் நின்றது. மாதப்பன் இடது கண்ணை மூடினான். அவரவர் முகம் அவரவர் மேல் இருந்தது. அடுத்த முகத்தைப் பார்த்தான், அதற்கடுத்த முகத்தை. வரிசையில் இருந்த பெண்களை, கடை ஓரத்தில் நின்ற பெண்களை, தூரத்தில் மேடேறி வந்தவர்களை. அப்புறம் இரண்டு கண்களையும் திறந்துகொண்டே பார்த்தான்.

"யாரத் தேடறீங்க?" என்று அத்தாயி மெதுவாகக் கேட்டாள்.

"யாரையும் இல்ல புள்ள."

"நானுந்தான் தேடறேன்" என்றாள் அவள். "வந்ததுலருந்து தேடிக்கிட்டுத்தான் இருக்கறேன். எடது கன்னத்துல வடு, அகலமான நெத்தி. அப்பிடித்தானுங்களே?"

மாதப்பன் ஆமாம் என்றான். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, தலை இடிக்காமல் குனிந்து, குகைக்குள் நடந்தார்கள்.