இடது பக்கம் அரை அங்குலம்

எங்கள் வீட்டுக்குத் தெருவில் முடிச்சு வீடு என்று பெயர். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் எலும்பில் அங்கங்கே புடைப்பு உண்டு. முழங்காலுக்கு மேலே, தோளில், இடுப்பில். பரம்பரையாக வருவது. சின்ன வயதில் எங்களைப் பார்த்த டாக்டர் மூன்று விஷயம் சொன்னார். இது சாதாரணக் கட்டி, ஒன்றும் செய்யாது. ஆள் வளர்வது நின்றால் முடிச்சு வளர்வதும் நின்றுவிடும். அதற்கப்புறமும் வளர்ந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும். முதல் இரண்டையும் மனப்பாடம் செய்தோம். மூன்றாவதைக் காற்றில் விட்டோம்.

நான் தையல்காரன். அண்ணன் பஸ் டிரைவர். அவன் யூனிஃபார்மை வேறு எவனும் தைக்க விடமாட்டேன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கடைக்கு வந்து, பேண்ட் இறுக்குகிறது, பிரித்துவிடு என்றான். இடுப்பில் டேப் வைத்தேன். வலது பக்கம் பழைய அளவுதான். முடிச்சு இருந்த இடது பக்கம் மட்டும் அரை அங்குலம் கூடியிருந்தது.

"என்னண்ணா, ஒரு பக்கத்துக்கு மட்டும் தொப்பை போடுது?"

"வம்சச் சொத்துடா. எங்கிட்ட மட்டும் குட்டி போடுது."

சிரித்தோம். பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் மறுபடி அரை அங்குலம். அதற்கப்புறம் முக்கால். நாற்பத்திரண்டு வயது ஆளுக்கு எலும்பு எப்படி வளரும் என்று ஒரு மடையனுக்குக்கூடக் கேட்கத் தோன்றியிருக்கும். தையலில் உள்ளே மடித்துவிட்ட துணி போதுமா என்றுதான் நான் பார்த்தேன்.

சீட்டில் உட்காரவே முடியாமல் வலி வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம், அவனும் அண்ணியும் நானும். எக்ஸ்ரே, ஸ்கேன், ஊசி வைத்துச் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனை. எல்லாம் முடிந்து டாக்டரம்மா எங்களை உட்கார வைத்தார். படத்தில் முடிச்சு காளான் மாதிரி இருந்தது, ஆனால் விளிம்பு கலைந்து போயிருந்தது. அதன் தலையில் குருத்தெலும்பு மெல்லிசாக மூடியிருக்க வேண்டுமாம். அண்ணனுக்கு இரண்டு விரல் கனம்.

"சாதுவா இருந்த கட்டி புத்துநோயா மாறியிருக்கு. இந்த வகைக்கு மருந்தும் கதிரும் அவ்வளவா கேக்காது. சுத்தியிருக்கிற நல்ல சதையோட சேர்த்து வெட்டித்தான் எடுக்கணும். காலைக் காப்பாத்தப் பாக்கறேன், ஆனா வாக்குக் குடுக்க முடியாது. எப்போலேர்ந்து வளருது?"

"ரெண்டு மாசமா," என்றான் அண்ணன், பட்டென்று.

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அவன் என் காலை மிதித்தான். என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் சொல்கிறான் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

கையெழுத்துப் போடும்போது, "வெள்ளம் தலைக்கு மேல போயாச்சு. சாண் போனா என்ன, முழம் போனா என்ன," என்றான். நர்ஸ்கூடச் சிரித்துவிட்டாள்.

ஆபரேஷன் ஒன்பது மணி நேரம். டாக்டரம்மா வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார்.

"காலை விட்டுவைக்க முடியல. பாதி இடுப்பெலும்போட எடுத்துட்டோம். பெரிய நரம்பைச் சுத்திப் பிடிச்சிருந்தது. மிச்சம் இல்லாம வந்துச்சான்னு லேப்தான் சொல்லணும். எனக்கு நம்பிக்கை குறைவு." அண்ணியையும் என்னையும் பார்த்தார். "ரெண்டு மாசத்துல இவ்வளவு வளராது. ஒரு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா முடிச்சை மட்டும் எடுத்திருப்பேன். நடந்தே வீட்டுக்குப் போயிருப்பார்."

அவர் போனதும் என்னால் அடக்க முடியவில்லை. அளவு, டேப், கேலி, எல்லாவற்றையும் அண்ணியிடம் கொட்டினேன். என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒரு வருஷமா தினம் நான்தான் தைலம் தேய்ச்சுவிட்டேன் தம்பி. என் கைக்கு அடியிலதான் அது பெருசாச்சு. 'தலகாணி வாங்க வேண்டாம், இதுலயே படுத்துக்கலாம்'னு சிரிச்சிருக்கேன். அன்னிக்கு அவர் ரெண்டு மாசம்னப்ப எனக்கும் நாக்கு எழல."

இரண்டு பேரும் அழுதோம். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள்.

நர்ஸ் வந்து ஒருத்தர் மட்டும் உள்ளே போகலாம் என்றாள். அண்ணி எழுந்து இரண்டடி வைத்தார், பிறகு நின்றுவிட்டார். "நீங்க போங்க. என்னால அவர் முகத்தைப் பாக்க முடியாது."

போர்வை ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் தட்டையாகவும் கிடந்தது. நான் அவன் முகத்தை மட்டுமே பார்த்தேன். உதடு காய்ந்திருந்தது. விரலை அசைத்து என்னைக் குனியச் சொன்னான்.

"முன்னாடியே வந்திருந்தா அப்படி இப்படின்னு டாக்டரம்மா ஏதாவது சொன்னாங்களா? அவ எதிர்ல?"

"ஏன்ணா?"

"ஒரு வருஷமா தைலம் தேய்ச்சவடா. தெரிஞ்சா உயிரை வச்சிருக்க மாட்டா. அதுக்குத்தான் ரெண்டு மாசம்னு சொன்னேன். நீ எங்க உளறிடுவியோன்னு அன்னிக்கு எனக்கு உதறல்."

அவன் என் பதிலுக்காகக் கண்ணை மூடாமல் காத்திருந்தான்.

"இல்லண்ணா," என்றேன். "அவங்க ஒண்ணும் சொல்லல. அண்ணிக்கு ஒண்ணும் தெரியாது."